கொடிக்கு முன்னால் கொழுகொம்பு

"அம்மா, கத்தாதம்மா. நீ கத்துனா எனக்கு இருக்கிற காலும் வரமாட்டேங்குது."

குதிரை முதுகில் ஒற்றை முட்டியில் நின்றபடி என் மகள் இதைத் தமிழில் சொன்னாள். சுற்றியிருந்த யாருக்கும் புரியாது என்கிற தைரியம். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. நான் வட்டத்தின் நடுவே, குதிரையின் கயிற்றைப் பிடித்திருந்தவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "காலைத் தூக்கு, இன்னும் தூக்கு" என்று கிட்டத்தட்ட ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கால் அங்கேயேதான் இருந்தது.

நாங்கள் இருப்பது ஜெர்மனியின் மூன்ஸ்டர்லாந்து பகுதியில். ஜெர்மன் குதிரையேற்றக் கூட்டமைப்பின் தலைமையகம் இருக்கும் வாரன்டார்ஃப் இதே வட்டாரம்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு குதிரைக் கொட்டில். நான் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரி. எனக்குப் பழக்கமான குதிரைகள் அய்யனார் கோயில் மண்குதிரைகள். அவை அசையாது, அதனால் பயமும் கிடையாது. பள்ளித்தோழி ஒருத்தி 'வோல்டிஷீரன்' போகிறாள் என்று மகளும் கிளம்பினாள். முதல் நாள் கூடப் போய்ப் பார்த்தேன். ஓடுகிற குதிரை மேல் பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள். தலையில் ஹெல்மெட் இல்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "இது சர்க்கஸா, விளையாட்டா?" விளையாட்டுதான். குறைந்தது 15 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் குதிரை சுற்றிவரும். நடுவில் ஒருவர் நீளக் கயிற்றால் அதை நடத்துவார். சேணம் கிடையாது, முதுகில் ஒரு மெத்தை, அதன் முன்னால் இரண்டு பிடிகள் வைத்த அகலமான கச்சை, அவ்வளவுதான். அதன் மேல்தான் ஜிம்னாஸ்டிக்ஸ். 1920இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் ஒரு தடவை இது இருந்திருக்கிறது. 1983இல் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு இதைத் தன் பிரிவுகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. 1986இல் சுவிட்சர்லாந்தின் புல் நகரில் முதல் உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. இதையெல்லாம் தேடிப் படித்துச் சொன்னேன். "அப்ப சரி" என்றார். குதிரை மேலே நிற்கப்போவது அவர் இல்லையே.

பிள்ளையைக் கொண்டுவிட வந்த அம்மாக்களை இந்தக் கிளப்புகள் சும்மா உட்காரவிடாது. முதலில் கேக் சுட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள், பிறகு சாணி அள்ளச் சொன்னார்கள், அப்புறம் குதிரைக்குப் பதிலாக வைத்திருக்கும் பயிற்சிப் பீப்பாய் பக்கத்தில் நின்று பிள்ளைகளைப் பிடிக்கச் சொன்னார்கள். இரண்டு வருஷத்தில் ஒரு பயிற்சி வகுப்பும் முடித்து உதவிப் பயிற்சியாளர் ஆகிவிட்டேன். எங்கள் மூத்த பயிற்சியாளருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. ஏழு வயதுப் பிள்ளைகூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். எனக்கு வாய் வராது. மனசுக்குள் அக்கா என்றே வைத்துக்கொண்டேன். இங்கேயும் அக்கா என்றே எழுதுகிறேன்.

போட்டியில் எல்லாரும் செய்தாக வேண்டிய கட்டாயப் பயிற்சிகளில் ஒன்றுக்கு 'ஃபானே' என்று பேர். ஃபானே என்றால் கொடி. முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கும் பிள்ளை இரண்டு பிடிகளையும் பற்றிக்கொண்டு, இரண்டு கால்களையும் ஒரே சமயத்தில் முதுகுக்குக் கொண்டுவந்து மண்டியிட வேண்டும். அங்கிருந்து வலது கால் பின்னால் நீளும், இடது கை முன்னால் நீளும், இரண்டும் ஒன்றாக. பிறகு உடம்பைத் தாங்க மிச்சமிருப்பது பிடியில் உள்ள வலது கையும், இடது காலின் முட்டி முதல் புறங்கால் வரையான பகுதியும் மட்டுமே. அந்தக் கீழ்க்கால் குதிரையின் முதுகெலும்புக்குக் குறுக்கே சாய்வாகக் கிடக்க வேண்டும். இப்படி நான்கு பாய்ச்சல் வரை நிற்க வேண்டும். விரல் நுனியிலிருந்து கால்விரல் நுனி வரை ஒரே வளைவு, தோளும் இடுப்பும் மட்டம். நடுவர் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுவார்.

படத்தில் பார்ப்பவர் கண் நேராக அந்தத் தூக்கிய காலுக்குத்தான் போகும். என் கண்ணும் அங்கேயே நின்றதுதான் கோளாறு.

நான் கத்தக் கத்த, மகள் உயரத்தை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டியிருந்தது. இடுப்பை வெளிப்பக்கமாகத் திருப்பிக் கொஞ்சம் எடுத்தாள். நடுமுதுகை ஒடித்துக் கொஞ்சம் எடுத்தாள். ராத்திரி "இடுப்புக்கு மேல வலிக்குது" என்று எண்ணெய் தேய்க்கச் சொன்னாள். அதே வாரங்களில் குதிரையும் மாறியது. எங்கள் குதிரை கிழவர், தோளருகே அளந்தால் 1.75 மீட்டர் உயரம். நான் தாத்தா என்பேன். பிள்ளைகள் மண்டியிடுகிற நொடியில் தாத்தா காதை மடக்குவார், வாலைச் சுழற்றுவார், ஓட்டத்தை விட்டுவிட்டுத் தடதடவென்று துள்ளுநடைக்கு இறங்கிவிடுவார். வயசாகிவிட்டது என்று நான் முடிவுகட்டினேன்.

ஒரு சனிக்கிழமை அக்கா விரிப்பைத் தட்டிப் போட்டு, "இன்று குதிரை நீ" என்றார். நாலு காலில் நின்றேன். முதுகில் ஒரு துண்டைப் போட்டு, என் மகளை என் மேல் ஏறிக் கொடி பிடிக்கச் சொன்னார். அப்போது அவள் 26 கிலோ. ஏறின மாத்திரத்தில் அவள் முட்டி என் முதுகெலும்பு ஓரத்தில் உலக்கை மாதிரி இறங்கியது. 'ஐயோ' என்று வாய்விட்டே கத்திவிட்டேன். தாத்தாவுக்கு வாய் இருந்தால் அவரும் இதைத்தான் சொல்லியிருப்பார். அக்கா அவளைக் கீழே இறக்கவில்லை. அவள் இடது புறங்காலைப் பிடித்து என் முதுகில் அழுத்தினார். தோளைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி வலது கைக்கு நேர் மேலே கொண்டுவந்தார். அதே 26 கிலோ, இப்போது மடித்த கம்பளியைப் போர்த்திய மாதிரி இருந்தது. என் மேலே நின்றுகொண்டு மகள் சொன்னாள், "அம்மா, கால் தானா மேல போகுது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதே பேச்சு. எங்கள் பால்கனியில் தொட்டியில் பீன்ஸ் கொடி விட்டிருந்தோம். அதைக் காட்டி, "உன் ஃபானேவைத் துணிக்கொடின்னு நெனைக்காத, இந்தக் கொடின்னு நெனச்சுக்கோ. கொழுகொம்பு ஆடுச்சுன்னா இது எங்கயும் போகாது" என்றேன். ஃபானே என்ற ஜெர்மன் சொல்லுக்கு இந்த இரண்டாவது அர்த்தம் கிடையாது. தமிழில் தற்செயலாக இருக்கிறது. அன்றைக்கு அப்புறம் எந்தப் பிள்ளையிடமும் தூக்கிய காலைப் பற்றி முதலில் பேசியதில்லை. கீழ்க்காலும் தாங்குகிற கையும்தான் கொழுகொம்பு, அதிலிருந்துதான் ஆரம்பம்.

ஆரம்பம் என்பது அதற்கும் முந்தி, மண்டியிடுகிற அந்தத் துள்ளலில். எங்கள் பயிற்சிப் பீப்பாய் உள்ளே காலியானது, மேலே மெத்தை. பிள்ளை முட்டியால் விழுந்தால் 'தொம்' என்று கேட்கும். எடையைக் கைகளில் வாங்கி, இரண்டு கீழ்க்கால்களையும் பாத்திரத்துக்கு மூடி போடுகிற மாதிரிப் படிய வைத்தால் சத்தமே வராது. மற்ற பிள்ளைகளைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்வேன். காதால் கேட்டு, வந்தது முட்டியா மூடியா என்று அவர்கள் சொல்ல வேண்டும். பத்து நிமிஷத்தில் எல்லாரும் பூனையாகிவிடுவார்கள். நான் வாயால் நூறு தடவை 'மெதுவா, மெதுவா' என்று சொல்லி வராதது இது.

அடுத்தது காகித நாப்கின். பிள்ளை பீப்பாயில் ஒரு காலில் மண்டியிட்டிருக்கும்போது, புறங்காலுக்கு அடியில் ஒரு நாப்கினைச் செருகி மெல்ல இழுப்பேன். சுலபமாக வந்துவிட்டால் எடை முழுக்க முட்டியில் இருக்கிறது என்று அர்த்தம். கிழிகிற அளவுக்குப் பிடித்துக்கொண்டால் புறங்காலும் வேலை செய்கிறது. கணுக்கால் விறைப்பான பிள்ளைகளுக்கு இது நிஜமாகவே கஷ்டம், புறங்கால் படியாது. அவர்களை வீட்டில் டிவி பார்க்கும்போது குதிகால் மேல் உட்காரச் சொல்கிறேன். சில வாரம் ஆகும்.

தாங்குகிற கையில் இரண்டு விஷயம். தோள் பிடிக்கு நேர் மேலே இருக்க வேண்டும். தோளிலிருந்து நூலில் ஒரு சாவியைத் தொங்கவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பயந்த பிள்ளை பின்னாலேயே உட்கார்ந்து பிடியை இழுக்கும். சாவி தொடைப்பக்கம் ஆடும். "இழுக்காதே, பிடியைக் கீழே தள்ளு" என்பதுதான் நான் அதிகம் சொல்லும் வாக்கியம். இரண்டாவது, முழங்கை. அதைப் பூட்டிவிட்டால் குதிரையின் ஒவ்வொரு எழுச்சியும் நேராகத் தோளுக்குப் போய்த் தலையை ஆட்டும். ஆச்சரியமாக, கை வலுவான பிள்ளைகள்தான் இதில் மாட்டுகிறார்கள். பூட்டிவிட்டால் சிரமமே இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

இனிமேல்தான் கால். நீளம் முதலில், உயரம் பிறகு. பெருவிரல் மெத்தையை உரசியபடி கால் பின்னால் போகட்டும், போகிற வரை போகட்டும், அப்புறம் எழும்பட்டும். எவ்வளவு எழும்பலாம் என்பதைப் பருப்பு முடிவு செய்யும். ஆசியக் கடையில் வாங்கிய அரைக்கிலோ துவரம் பருப்பை ஒரு துணிப்பையில் போட்டுத் தைத்து, இடுப்புக்குப் பின்னால் அந்தத் தட்டையான எலும்பின் மேல் வைக்கிறேன். இடுப்பு வெளிப்பக்கம் திறந்தால் பை இடதுபக்கம் சரிந்து விழும். விழாத உயரம்தான் அன்றைக்கு அந்தப் பிள்ளையின் உயரம். ஒரு பிள்ளைக்கு அது முதுகு மட்டத்துக்குக் கீழேயே இருக்கலாம், பரவாயில்லை. மாசக்கணக்கில் தொடைமுன் தசையும் இடுப்பு மடிப்பும் நீண்டு கொடுத்தால் தானாக ஏறும். அவசரப்பட்டு முதுகை ஒடித்து வாங்கிய உயரம் திரும்பக் கொடுக்க வேண்டிய கடன்.

நீட்டச் சொல்லும்போது 'தொடையை இறுக்கு, முழங்காலை நீட்டு' என்றெல்லாம் சொல்வதை விட்டுவிட்டேன். பின்னால் ஒரு பிள்ளையை நிறுத்தி உள்ளங்கையைக் காட்டச் சொல்வேன்: "அந்தக் கையைத் தொடு." கைக்கும் அதேதான், "பரண் மேல இருக்கிற டப்பாவை எடு." விரல் நுனி கண் மட்டத்தில் வந்து நிற்கும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. உறுப்பை நினைக்கச் சொல்வதைவிட, அசைவு போய்ச் சேர வேண்டிய இடத்தைக் காட்டினால் உடம்பு நன்றாகக் கற்கிறது என்பதை காப்ரியேலே வுல்ஃப் என்ற ஆய்வாளர் பல வருஷமாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் பரணை ஜெர்மன் பிள்ளைகளுக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இப்போது 'மேல் தட்டு' என்று மாற்றிக்கொண்டேன்.

இனி சொல்லப்போவது என் மடத்தனம், கூச்சமாகத்தான் இருக்கிறது. கட்டாயப் பயிற்சியில் குதிரை இடப்பக்கமாகச் சுற்றுகிறது. நடுவில் நிற்கிற எனக்குத் தெரிவது குதிரையின் இடப்பக்கம் மட்டுமே. பிள்ளை தூக்குவதோ வலது காலை, அதாவது வெளிப்பக்கக் காலை. இடுப்பைத் திறந்து ஏமாற்றினால் அந்தக் கால் முதுகுக்கு மேலே இன்னும் உயரமாக எழுந்து எனக்கு ரொம்ப அழகாகத் தெரியும். ஆக, தப்பு செய்த ஒவ்வொரு தடவையும் 'பிரமாதம்' என்றிருக்கிறேன்; ஒழுங்காகச் செய்தபோது 'இன்னும் கொஞ்சம்' என்றிருக்கிறேன். என் மகளுக்கு அந்தப் பழக்கத்தைக் காசு கொடுக்காமல் கற்றுக்கொடுத்தவளே நான்தான். போட்டியில் நடுவர்கள் வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு எல்லாமே தெரியும். இப்போது கயிற்றை நடத்துபவர் நடுவில் நிற்க, நான் வெளியே, குதிரைக்கு எட்டாத தூரத்தில் போய் நின்று பார்க்கிறேன். அது முடியாத நாளில் யாராவது ஒரு அப்பாவிடம் செல்போனைக் கொடுத்துப் பின்பக்கத்திலிருந்து வீடியோ எடுக்கச் சொல்கிறேன். அந்த ஒரு வீடியோ எனக்குக் காட்டியதை ஒரு வருஷம் நடுவில் நின்ற கண் காட்டவில்லை.

ஓடுகிற குதிரை மேல் போனதும் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். நான்கு எண்ண வேண்டும், அந்தக் கவலையிலேயே உடம்பு கட்டை. வாய்விட்டு எண்ணச் சொன்னால் மூச்சு வெளியே வந்தே ஆக வேண்டும். ஜெர்மனில் கலோப் என்கிற அந்த ஓட்டம் மூன்று அடி. 'தகிட' என்று விழுந்து, நாலு காலும் காற்றில் நிற்கிற ஒரு கணம், மறுபடி 'தகிட'. மகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், நாலு தகிட. இப்போது லேனா மாதிரி, எமில் மாதிரி பேர் வைத்த பிள்ளைகள் எல்லாம் அரங்கில் 'தகிட, தகிட' என்று கத்திக்கொண்டு சுற்றுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடைவேகத்தில் சிலருக்குக் கொடி நிற்காது, கலோப்பில் நின்றுவிடும். நடையில் முதுகு பக்கவாட்டில் ஆடுகிறது. கலோப்பில் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஏறி இறங்குகிறது. நடையில் வரவில்லை என்று பிள்ளையை அங்கேயே தேக்கி வைக்க வேண்டாம் என்று இதனால் கற்றேன்.

இறங்குவதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும், பலரும் மறந்துவிடுகிறார்கள். கொடி முடிந்தது என்ற நிம்மதியில் பிள்ளை தொப்பென்று உட்காரும். கையையும் காலையும் ஒன்றாகத் திருப்பிக் கொண்டுவந்து, இரண்டு கைகளிலும் எடையை வாங்கி, வழுக்கி அமர வேண்டும். சரியாக அமர்ந்தார்களா என்று நான் பிள்ளையைப் பார்ப்பதில்லை, தாத்தாவின் காதைப் பார்க்கிறேன்.

தாத்தாவுக்காக ஒரு கணக்கும் வைத்திருக்கிறேன். எட்டுப் பிள்ளைகள், ஆளுக்கு மூன்று கொடி என்றால் ஒரே மாலையில் அவர் முதுகில் இருபத்துநான்கு மண்டி. எல்லாமே முதுகின் அதே உள்ளங்கையளவு இடத்தில். எனவே அவர் மேலே ஆளுக்கு இரண்டுக்கு மேல் இல்லை, அதுவும் அவர் நன்றாக நடந்து உடம்பு சூடேறிய பிறகு. மற்றதெல்லாம் விரிப்பிலும் பீப்பாயிலும். விரிப்பில் இடது வலது மாற்றியும் செய்ய வைக்கிறேன்; எப்போதும் ஒரே பக்கம் செய்தால் வளருகிற உடம்பு கோணலாகிவிடும் என்று எனக்குப் பயம். தாத்தா காது மடக்குவதை நிறுத்த இரண்டு மாதம் ஆனது.

மகளுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரே வருஷத்தில் 9 சென்டிமீட்டர் வளர்ந்து, இருந்த கொடியும் போயிற்று. முட்டிக்குக் கீழே அந்த மேட்டில் தொட்டாலே வலி. டாக்டர் ஆஸ்குட் ஷ்லாட்டர் என்றார். வேகமாக வளருகிற, குதித்து விளையாடுகிற பிள்ளைகளுக்கு வருவது, வலி அடங்கும் வரை மண்டியிடுவதையும் குதிப்பதையும் குறைக்க வேண்டும் என்றார். கோடை முழுக்க அவள் கயிறு பிடிக்கத்தான் கற்றுக்கொண்டாள். அழுதாள்தான். பயிற்சி தருபவர்களுக்கு ஒன்று: 'கொஞ்சம் பொறுத்துக்கோ' என்பது முட்டி வலிக்கும் முதுகு வலிக்கும் சொல்லக் கூடாத வார்த்தை. முதுகை வளைக்கிற விளையாட்டில் நாட்கணக்கில் தொடரும் இடுப்பு வலியை டாக்டர்தான் பார்க்க வேண்டும். எண்ணெய் தேய்த்த என் காலத்தை நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது.

அந்தக் கோடையில்தான் அவளை ஆஹனுக்கு, அங்கே வருஷா வருஷம் நடக்கும் பெரிய குதிரைத் திருவிழாவுக்குக் கூட்டிப்போனேன். வோல்டிஷீரன் உள்ளரங்கில் நடந்தது. உலகத்தரப் பிள்ளைகள் கொடி பிடிக்கும்போது நாங்கள் இருவரும் தூக்கிய காலைப் பார்க்கவே இல்லை. அவள் என் கையைக் கிள்ளி, "அம்மா, கீழ்க்காலைப் பாரேன், ஒட்டி வச்ச மாதிரி" என்றாள். கீழ்க்கால் அசையவில்லை, முதுகும் அசையவில்லை. குதிரை ஏறி இறங்குவது முழுக்க முழங்கையிலும் இடுப்பு மூட்டிலும் கரைந்துகொண்டிருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். எல்லாரும் கைதட்டும்போது நாங்கள் முட்டியைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தோம்.

இப்போது அவளுக்குப் பதினாலு. சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு அவள்தான் நாப்கின் இழுக்கிறாள், ஒரு தடவைகூடக் கத்தியதில்லை.

போன மாதம் பருப்புப் பையின் தையல் விட்டுவிட்டது. ஏழு வயதுப் பிள்ளை ஒன்று இடுப்பைத் திறந்த வேகத்தில் பை பறந்து, அரைக்கிலோ துவரம் பருப்பும் அரங்கு மணலில் கலந்தது. தாத்தா கழுத்தை நீட்டி மோந்து பார்க்க வந்தார். மணலோடு எதையாவது தின்று வயிற்றுவலி வந்துவிடுமே என்று அக்கா அவரை அவசரமாக அப்பால் இழுத்துப்போனார். எட்டுப் பிள்ளைகளும் மண்டியிட்டு அரைமணி நேரம் பருப்புப் பொறுக்கினார்கள். புதுப்பை ஜீன்ஸ் துணியில், இரட்டைத் தையல். உள்ளே மணல் போடலாமா என்று கேட்டேன். மகள் ஒத்துக்கொள்ளவில்லை, பருப்புதான் இடுப்பில் சரியாகப் படிகிறதாம்.